'வா', 'ரா', 'பா'... மூணுக்கும் ஒரே வேர்தான் என்று 1816-லேயே காட்டிய சென்னை கலெக்டர்! யார் இந்த எல்லிஸ்?

பௌர்ணமி ராத்திரி திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் பத்து நிமிஷம் நடந்தாலே போதும், குறைந்தது மூணு மொழி காதில் விழும். கூட்டத்தில் பின்தங்கிய பிள்ளையை 'வா' என்று கூப்பிடுகிறது ஒரு குடும்பம். பக்கத்திலேயே ஆந்திராவில் இருந்து வந்தவர்கள் 'ரா' என்கிறார்கள். பெங்களூரு பக்கத்து ஆட்கள் 'பா' என்கிறார்கள் ('பஸ்' என்று சொல்லும்போது வருகிற 'ப'). மரியாதையாகக் கூப்பிட்டால் 'வாங்க', 'ரண்டி', 'பன்னி'. கடைசியாகச் சொன்னதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், கன்னடத்தில் அது நல்ல மரியாதையான வார்த்தை.

அதே பாதையில் செருப்பில்லாமல் ஒரு ஜெர்மன்காரரும் நடந்துகொண்டிருப்பார். அவர் மொழியில் வருவதற்கு 'கொம்மன்'. ஆங்கிலத்தில் 'கம்'. கோயிலுக்குள் கேட்கிற சமஸ்கிருதத்தில் போவது, வருவது போன்ற நகர்வைக் குறிக்கும் வேர்ச்சொல் 'கம்', அதாவது 'கங்கை' என்பதில் வரும் அழுத்தமான 'க'வோடு.

இந்தச் சொற்களில் எது எதற்குச் சொந்தம்? 'வா', 'ரா', 'பா' ஒரு வீடு. 'கொம்மன்', 'கம்', சமஸ்கிருத 'கம்' இன்னொரு வீடு. இன்று இது பாடப்புத்தகச் செய்தி. ஆனால் 200 வருஷத்துக்கு முன்னால், தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாமே சமஸ்கிருதத்தில் இருந்து பிறந்தவை என்றுதான் படித்த ஐரோப்பியர்கள் பெரும்பாலும் நம்பினார்கள். அது தப்பு என்று முதன்முதலில் சான்றோடு அச்சில் காட்டியவர் சென்னையின் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தமிழ்நாட்டில் 'எல்லிஸ் துரை' என்றால் திருவள்ளுவர் காசு ஞாபகம் வரும். அவர் செய்ததிலேயே பெரிய வேலை வினைச்சொற்களில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

வேலைக்கு வந்த இளைஞன்

எல்லிஸ் பிறந்தது 1777-ல், இங்கிலாந்தில். 1796-ல் கிழக்கிந்தியக் கம்பெனியில் 'ரைட்டர்' வேலை கிடைத்து மதராஸ் வந்து இறங்கினார். ரைட்டர் என்றால் எழுத்தாளர் இல்லை, கம்பெனி உத்தியோகத்தின் முதல் படி. அங்கிருந்து வருவாய் வாரியத்தில் உதவிச் செயலாளர், துணைச் செயலாளர், 1802-ல் செயலாளர் என்று மளமளவென ஏறினார். 1806-ல் மச்சிலிப்பட்டினத்துக்கு ஜில்லா நீதிபதி. 1809-ல் மதராஸ் மாகாணத்தின் நிலச்சுங்கக் கலெக்டர். 1810-ல் மதராஸ் கலெக்டர். சாகும் வரை அந்தப் பதவிதான்.

இதில் மச்சிலிப்பட்டினம் முக்கியம். தமிழ் படித்துக்கொண்டிருந்த ஒருவர் தெலுங்கு பேசும் ஊரில் போய் உட்கார்ந்து வழக்கு விசாரிக்க வேண்டி வந்தது. சாட்சி சொல்பவரின் வாயில் இருந்து வரும் தெலுங்கைத் தினமும் கேட்டார். அந்த ஊரில்தான் தெலுங்கு அகராதி தொகுத்த மாமிடி வெங்கய்யாவும் இருந்தார். தெலுங்குச் சொற்களில் எது சமஸ்கிருதத்தில் இருந்து அப்படியே வந்தது, எது திரிந்து வந்தது, எது மண்ணின் சொல் என்று பிரித்துக் காட்டும் மரபு தெலுங்கு இலக்கணக்காரர்களிடம் ஏற்கெனவே இருந்தது. 'தேசியம்' என்று அவர்கள் ஒதுக்கி வைத்த அந்த மூன்றாவது மூட்டைதான் எல்லிஸின் கண்ணில் பட்டது. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பக்கத்து மொழியோடு வைத்துப் பார்க்கவில்லை.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

1786-ல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் என்ற நீதிபதி ஆற்றிய ஓர் உரை மொழி ஆராய்ச்சியையே புரட்டிப் போட்டது. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்தில் இருந்து வந்திருக்க வேண்டும், கோதிக் மொழியும் அந்தக் குடும்பமாக இருக்கலாம் என்றார் அவர். ஆதாரமாக அவர் சுட்டிக்காட்டியது இரண்டு விஷயம்: வினைச்சொற்களின் வேர், இலக்கண வடிவம்.

அது சரியான கண்டுபிடிப்பு. ஆனால் அதன் ஒளியில் கண் கூசிப் போனவர்கள், இந்தியாவில் இருக்கும் எல்லா மொழிக்கும் தாய் சமஸ்கிருதம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கல்கத்தாவில் கம்பெனி அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுத்துவந்த வில்லியம் கேரி 1814-ல் ஒரு தெலுங்கு இலக்கணம் வெளியிட்டார். அதில் தமிழும் சமஸ்கிருதத்தில் இருந்து வந்ததுதான், தெலுங்கும் கன்னடமும் ஏறக்குறைய முழுக்கச் சமஸ்கிருதச் சொற்களால் ஆனவை என்ற ரீதியில் எழுதினார். கேரி சாதாரண ஆள் இல்லை. அவர் சொன்னால் கம்பெனி கேட்கும். இங்கிலாந்தில் இருந்து வரும் 18 வயசுப் பையன்களுக்கு என்ன மொழி சொல்லிக்கொடுப்பது, எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது என்பதெல்லாம் இதை வைத்துத்தான் முடிவாகும். சமஸ்கிருதம் ஒன்று போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைத்தால், தமிழும் தெலுங்கும் கிளைப் பேச்சாகத்தான் நடத்தப்படும்.

ஏன் வினைச்சொல்லைப் பிடித்தார்?

இதற்குப் பதில் நம் போனிலேயே இருக்கிறது. 'போன் பண்ணான்', 'ஷேர் பண்ணு', 'டிக்கெட் புக் பண்ணியாச்சா', 'டெலிட் பண்ணிடாதே'. இந்த வாக்கியங்களில் ஆங்கிலம் எவ்வளவு, தமிழ் எவ்வளவு? பெயர் ஆங்கிலம். ஆனால் யார் செய்தது, எப்போது செய்தது, செய்யலாமா கூடாதா என்று சொல்கிற பகுதி முழுக்கத் தமிழ். 'பண்ணான்' என்பதில் ஒரு எழுத்துகூட வெளியில் இருந்து வரவில்லை.

திருவண்ணாமலை கோயிலுக்குள் போனாலும் இதே கதைதான். தரிசனம், அபிஷேகம், அர்ச்சனை, பிரதட்சிணம் எல்லாம் சமஸ்கிருதம். ஆனால் அர்ச்சனை 'செய்கிறார்கள்', தரிசனம் 'பண்ணினோம்', பிரதட்சிணம் 'வந்தோம்'. மலைக்கே இரண்டு பெயர் உண்டு. 'அருணாசலம்' சமஸ்கிருதப் பெயர், 'அண்ணாமலை' தமிழ்ப் பெயர், இரண்டும் ஒரே வாயில் சண்டையில்லாமல் புழங்குகின்றன. பெயர்ச்சொல் சந்தைச் சரக்கு மாதிரி. யார் வேண்டுமானாலும் வாங்கலாம், விற்கலாம். வினைச்சொல்லின் வேரும், அது காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறும் விதமும் வீட்டு அஸ்திவாரம். அதைக் கடன் வாங்குவது அபூர்வம்.

எல்லிஸ் செய்தது இதுதான். தெலுங்கில் சமஸ்கிருதச் சொல் ஏராளம் என்பதை அவர் மறுக்கவே இல்லை. அந்தச் சரக்கையெல்லாம் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, கீழே இருக்கும் வேர்ச்சொற்களைப் பார்க்கலாம் என்றார். சமஸ்கிருத வினைவேர்ப் பட்டியலையும் தெலுங்கு வினைவேர்ப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒட்டவில்லை. பிறகு தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றின் வேர்களையும் வரிசையாக வைத்தார். ஒட்டியது.

எப்படி ஒட்டும்? 'வா'வும் 'ரா'வும் கேட்க ஒரே மாதிரியாகவா இருக்கு என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம். தமிழில் 'வ' வரும் இடத்தில் கன்னடத்தில் 'ப' வருவது ஒழுங்காக நடக்கிறது. வேர் என்பது பேரு, வில் என்பது பில்லு, வயல் என்பது பயலு. அப்படியே வா என்பது பா, வந்தான் என்பது பந்தனு. தெலுங்கில் வேறொரு பழக்கம்: சொல்லின் தொடக்கத்தில் இருக்கும் உயிர் நகர்ந்து, உள்ளே இருக்கும் 'ர' முன்னால் வந்துவிடும். நம்ம உரல் அங்கே ரோலு. இரண்டு அங்கே ரெண்டு (நம் வாயிலும் அதே ரெண்டுதான்). அந்த வழியில் 'வர' என்பது சுருங்கி 'ரா' ஆகிவிட்டது. ஆனால் 'வந்தான்' என்பதற்குத் தெலுங்கில் 'வச்சாடு'. அதில் பழைய 'வ' ஒளிந்துகொண்டிருக்கிறது, பாருங்கள். இந்த ஒலி விதிகளை இவ்வளவு துல்லியமாக வகுத்தது பின்னால் வந்தவர்கள். எல்லிஸின் காலத்தில் அதற்கான கருவி இல்லை. ஆனால் எந்த இடத்தில் தோண்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மேலோட்டமான ஒற்றுமை எப்படி ஏமாற்றும் என்பதற்கும் வினைச்சொல்லிலேயே உதாரணம் உண்டு. தமிழில் 'செய்தான்' என்பதில் இறந்தகாலத்தைக் காட்டுவது 'த்'. ஆங்கிலத்தில் 'வாக்' என்றால் நட, நடந்தான் என்பதற்கு 'வாக்ட்', கடைசியில் ஒரு 'ட்'. ஜெர்மனில் செய் என்பது 'மாகென்', செய்தான் என்பது 'மாக்டெ'. அட, எல்லாம் ஒரே மாதிரி இருக்கே என்று துள்ளிக் குதித்தால் ஏமாந்தோம். இது தற்செயல். ஜெர்மன், ஆங்கில 'ட்' பிறந்த கதையே வேறு. அதற்கு ஃபிராங்க்ஃபர்ட் போக வேண்டும். அதற்கு முன், சென்னையில் எல்லிஸோடு யார் யார் இருந்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

தனியாகச் செய்யவில்லை

1812-ல் மதராஸில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. இளம் கம்பெனி அதிகாரிகள் தென்னிந்திய மொழிகள் கற்க வேண்டும் என்பதற்காக எல்லிஸ் முன்னின்று உருவாக்கியது. நுங்கம்பாக்கத்தில் காலேஜ் ரோடு என்று பஸ் ஸ்டாப் பெயர் கேட்டிருப்பீர்களே, அது இந்தக் கல்லூரியின் ஞாபகம்தான். அதே 1812-ல்தான் திருக்குறள் முதன்முதலில் அச்சேறியது.

கல்லூரியில் சமஸ்கிருதத்துக்கும் தெலுங்குக்கும் தலைமை ஆசிரியராக இருந்தவர் பட்டாபிராம சாஸ்திரி. அவர் தெலுங்கு வினைவேர்களைத் தொகுத்துப் பட்டியல் போட்டார். எல்லிஸின் ஒப்பீட்டுக்கு அடிப்படை அந்தப் பட்டியல். எல்லிஸின் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சங்கரய்யா தமிழும் நில உரிமை வழக்கங்களும் அறிந்தவர். முத்துசாமிப் பிள்ளையை 1816-ல் தென் மாவட்டங்களுக்கு அனுப்பி வீரமாமுனிவரின் நூல்களைத் தேடிக் கொண்டுவரச் செய்தார் எல்லிஸ். அந்தப் பயணத்தில் சேர்த்த செய்திகளை வைத்துத்தான் 1822-ல் முத்துசாமிப் பிள்ளை வீரமாமுனிவரின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதினார்.

இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வீட்டில் பட்லராக வேலை பார்த்த கந்தப்பன், தம்மிடம் இருந்த குறள், நாலடி நானூறு ஓலைச்சுவடிகளை எல்லிஸிடம் கொண்டு சேர்த்தார் என்று அயோத்திதாசப் பண்டிதர் பதிவு செய்திருக்கிறார். கந்தப்பன் அயோத்திதாசரின் பாட்டனார். எல்லிஸின் கண்டுபிடிப்பை ஒரு வெள்ளைக்காரத் துரையின் தனி மூளையாகச் சொல்வது வசதியாக இருக்கும். ஆனால் வேர்ப் பட்டியல் போட்டவர், சுவடி தந்தவர், ஊர் ஊராக அலைந்தவர் எல்லாம் இந்த மண்ணின் ஆட்கள். தாது என்று வினைவேரைப் பிரித்தெடுத்துப் பட்டியலிடும் முறையே இந்திய இலக்கண மரபு கொடுத்தது. ஐரோப்பாவுக்கு அது அப்போதுதான் அறிமுகம் ஆகிக்கொண்டிருந்தது.

புத்தகம் இல்லை, முன்னுரைக்கு ஒரு குறிப்பு!

1816-ல் கல்லூரி அச்சகத்தில் இருந்து அலெக்சாண்டர் டங்கன் கேம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணம் வெளிவந்தது. அதன் முன்னுரையோடு சேர்ந்து வந்த நீண்ட குறிப்புதான் எல்லிஸின் சான்று. ஆமாம், தனிப் புத்தகம் கிடையாது. இன்னொருவர் புத்தகத்தின் முன்பகுதியில் ஒரு குறிப்பு.

அதில் அவர் படிப்படியாகப் போகிறார். முதலில் வேர்கள். அடுத்து அந்த வேர்களில் இருந்து பிறக்கும் சொற்கள். அதற்கடுத்து வாக்கிய அமைப்பு: ஒரே செய்தியை இந்த மொழிகளில் எழுதினால் சொற்கள் நிற்கும் வரிசை எப்படி ஒத்துப்போகிறது என்பது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றோடு நிற்காமல் மலையாளம், துளு, குடகு மொழிகளும் இதே குடும்பம் என்றார். வங்காளத்தை ஒட்டிய ராஜ்மகால் மலைவாசிகளின் மொழிக்கும் உறவு உண்டு என்று குறித்தார். மதராஸில் உட்கார்ந்துகொண்டு அவ்வளவு வடக்கே ஒரு சொந்தக்கார மொழியை அடையாளம் கண்டது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை. இன்று அது மால்தோ என்ற பெயரில் திராவிட மொழிகளின் வரிசையில் இருக்கிறது.

'திராவிட' என்ற பெயரை இந்தக் குடும்பத்துக்கு நிலைநாட்டியவர் கால்டுவெல். அவருடைய ஒப்பிலக்கணம் வந்தது 1856-ல். எல்லிஸின் குறிப்புக்கும் அதற்கும் இடையே 40 வருஷம்.

அதே 1816-ல் ஜெர்மனியில் நடந்தது

எல்லிஸின் குறிப்பு சென்னையில் அச்சான அதே வருஷம், ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபிரான்ஸ் பாப் என்ற 25 வயது இளைஞரின் புத்தகம் வெளிவந்தது. சமஸ்கிருத வினைச்சொல் காலம், எண், இடம் காட்டி எப்படி மாறுகிறதோ, அதைக் கிரேக்கம், லத்தீன், பாரசீகம், ஜெர்மானிய மொழிகளோடு ஒப்பிட்டது அந்தப் புத்தகம். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. இருவரும் பிடித்தது வினைச்சொல்லைத்தான்.

ஜெர்மானிய மொழிகளில் நீண்ட எழுத்துச் சான்று உள்ளவற்றில் பழமையானது கோதிக். 4-ம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற பிஷப் பைபிளை அதில் மொழிபெயர்த்தார். அந்த மொழியில் வினைச்சொல் இரண்டு விதமாக இறந்தகாலம் காட்டும்.

முதல் விதம், உள்ளே இருக்கும் உயிரெழுத்தை மாற்றுவது. ஆங்கிலத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது: 'சிங்' என்றால் பாடு, பாடினான் என்றால் 'சாங்'. கோதிக்கில் வருவதற்கு 'க்விமன்', வந்தேன் என்றால் 'க்வம்', வந்தோம் என்றால் 'க்வேமும்'. வேருக்குள்ளேயே இ, அ, ஏ என்று உயிர் மாறுகிறது, பாருங்கள். தமிழில் இந்தப் பழக்கம் இல்லை. நமக்கு வேர் ஓரிடம், காலம் அடுத்த இடம், ஆள் கடைசி இடம் என்று ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே போகும் அமைப்பு. இந்த ஒரு வித்தியாசமே இரண்டும் வேறு வேறு வீடு என்று காட்டிவிடும்.

இரண்டாவது விதம்தான் சுவாரஸ்யம். கோதிக்கில் எண்ணெய் பூசுவதற்கு 'சல்போன்' என்று ஒரு வினை. நம் எண்ணெய்க்காப்பு மாதிரி. அவன் பூசினான் என்றால் 'சல்போடா'. நாங்கள் பூசினோம் என்றால் 'சல்போடேடும்'. அந்தக் கடைசி 'டேடும்' எங்கிருந்து வந்தது? அது 'செய்தோம்' என்ற பொருள் கொண்ட தனி வினைச்சொல், பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்பது பாப் காலம் தொட்டு மொழியியலாளர்கள் சொல்லும் விளக்கம். ஆங்கிலத்தில் செய்தான் என்பதற்கு 'டிட்' என்கிறோமே, அதன் மூதாதைதான். பூசு பண்ணினோம் என்பது மாதிரி ஆரம்பித்து, தேய்ந்து தேய்ந்து கடைசியில் ஒரு 'ட்' மட்டும் மிஞ்சியது. விவரங்களில் வாதம் இன்றும் ஓயவில்லை என்றாலும் பெரும்பாலோர் ஏற்பது இதுதான்.

அப்படியானால் ஆங்கிலேயன் 'ஃபோன்ட்' என்று சொல்வதும் நம்ம ஆள் 'போன் பண்ணான்' என்று சொல்வதும் ஒரே உத்தி! வெளியில் இருந்து வந்த சொல்லுக்குச் சொந்த மொழியின் 'செய்' என்ற வினையை மாட்டிவிடுவது. அவர்களுடையது ஒன்றரை ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகத் தேய்ந்துவிட்டதால் கண்ணுக்குத் தெரியவில்லை, நம்முடையது புதுசு என்பதால் பளிச்சென்று தெரிகிறது. உத்தி ஒன்று என்பதால் உறவு ஒன்று ஆகிவிடாது, அதையும் சேர்த்தே ஞாபகம் வைக்க வேண்டும்.

உயிர் மாறும் வினைகளுக்கு 'வலியவை', ஒட்டுச் சேரும் வினைகளுக்கு 'மெலியவை' என்று பெயர் வைத்தவர் யாக்கோப் கிரிம். தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம் சகோதரர்களில் மூத்தவர். இந்தப் பெயர்கள் கடல் தாண்டித் தமிழுக்கும் வந்துவிட்டன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழ் படிக்கிறவர்களுக்கு 'செய்வான்' மாதிரி வருபவை மெலிய வினை, 'நடப்பான்' மாதிரி இரட்டிப்பவை வலிய வினை என்று இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெயர்ச்சொல்தானே, இடம் மாறுவதற்கு என்ன கஷ்டம்!

பாப் பிறகு பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். ஒப்பிலக்கணத்தைப் பல பாகங்களாக எழுதினார். 1867 வரை வாழ்ந்தார். எல்லிஸுக்கு 1816-க்குப் பிறகு கிடைத்தது மூன்றே வருஷம்.

கிணறும் காசும்

அந்த மூன்று வருஷத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. மதராஸில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது 27 கிணறுகள் வெட்டச் செய்தார். ராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயிலில் 1818-ல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு அதைச் செய்யுளில் சொல்கிறது. தன் பெயரை 'எல்லீசன்' என்று தமிழாக்கிக்கொண்டவர், அந்தக் கல்லில் நீரின் அருமை சொல்லும் திருக்குறளையும் பொறிக்கச் செய்திருக்கிறார். ஒரு கலெக்டர் தன் அரசாங்க வேலைக்குக் குறளை அத்தாட்சி காட்டியது அநேகமாக அதுதான் முதல் தடவை.

நிலத்தின் மீது குடிகளுக்கு இருந்த மிராசு உரிமை பற்றி அவர் எழுதிய ஆய்வும் 1818-ல் அச்சானது. குறளுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பும் விரிவான உரையும் எழுதத் தொடங்கினார், முடிக்கவில்லை. குடை நிழலில் அமர்ந்த முனிவர் உருவம் பொறித்த தங்கக் காசு அவர் பொறுப்பில் இருந்த அக்கசாலையில் அடிக்கப்பட்டது. அந்த உருவம் திருவள்ளுவர்தான் என்று 1990-களில் ஐராவதம் மகாதேவன் அடையாளம் கண்டு எழுதிய பிறகுதான் எல்லிஸ் பெயர் மறுபடி பேச்சுக்கு வந்தது.

நாற்பது வயசு வரைக்கும்...

எல்லிஸுக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. நாற்பது வயசு வரை படிப்பது, சேகரிப்பது மட்டும்தான், அதற்குப் பிறகுதான் பெரிய நூல்களை வெளியிடுவது என்று முடிவு செய்திருந்தார். அறிஞருக்கு அது அழகான கொள்கை. ஆனால் அன்றைய மதராஸ் வெயிலிலும் நோயிலும் ஐரோப்பியர்கள் எப்போது சாவார்கள் என்று யாருக்கும் உத்தரவாதம் இல்லாத காலம் அது. கொஞ்சம் அவசரப்பட்டிருக்கலாமே என்று இன்று தோன்றுவதைத் தவிர்க்க முடியவில்லை.

நாற்பது முடிந்தது. உடம்பும் சரியில்லை. ஓய்வுக்காகவும் ஆய்வுக்காகவும் தெற்கே பயணம் போனார். ராமநாதபுரத்தில் 1819 மார்ச் 10 அன்று இறந்துபோனார். மருந்து என்று நினைத்துத் தவறுதலாக நச்சுப் பொருளைக் குடித்துவிட்டார் என்பது அவர் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் சொல்வது. காலரா என்று எழுதி வைத்த புத்தகங்களும் உண்டு. உடல் திண்டுக்கல்லில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் நினைவாக ஆங்கிலத்திலும் தமிழிலும் கல்வெட்டு பொறித்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. உயில் எதுவும் சரியாக இல்லாத நிலையில் அவருடைய உடைமைகள் ஏலத்துக்குப் போயின. வருஷக்கணக்காகச் சேர்த்த கையெழுத்துத் தாள்கள் யாருக்கும் வேண்டாத குப்பையாகக் கிடந்தன. பின்னாளில் வால்டர் எலியட் என்ற அதிகாரி விசாரித்தபோது அவருக்குக் கிடைத்த தகவல்: மதுரையில் துரை வீட்டுச் சமையல்காரர் அடுப்புப் பற்றவைக்கவும் கோழி வாட்டவும் அந்தத் தாள்களை மாசக்கணக்கில் பயன்படுத்தினாராம். எரிந்ததில் எத்தனை வினைவேர்ப் பட்டியல் இருந்ததோ!

கிடைத்த மிச்சத்தை எலியட் சேகரித்தார். அவை ஜி.யு.போப் கைக்குப் போய், அவர் மூலம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் சேர்ந்தன. முடியாமல் நின்ற குறள் உரையைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1955-ல் பதிப்பித்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் தாமஸ் டிரவுட்மன் லண்டன், ஆக்ஸ்ஃபோர்ட், சென்னை ஆவணங்களைத் தோண்டி எடுத்து 2006-ல் எல்லிஸ் பற்றி முழு நூல் எழுதினார். அது தமிழில் 'திராவிடச் சான்று' என்ற பெயரில் கிடைக்கிறது.

எல்லிஸின் அந்த மூலக் குறிப்பைப் படிக்க ஆசைப்பட்டால் தமிழ் நூல் வரிசையில் தேடினால் கிடைக்காது. கேம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கணத்தை எடுத்து, பாடம் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் பக்கங்களைப் புரட்ட வேண்டும்.